இரண்டு முட்டியையும் ஒரே தடவையில் மாற்றலாமா?

கேள்வி: எனக்கு 66 வயது. கும்பகோணத்தில் இருக்கிறேன். பல வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. இடது கால் வெளிப்பக்கமாக வளைந்தே போய்விட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "நாலாம் ஸ்டேஜ் தேய்மானம், மூட்டை மாற்றித்தான் ஆகவேண்டும்" என்கிறார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் என் மகன், ஒரே லீவில் முடிந்துவிடும், இரண்டு காலையும் சேர்த்தே செய்துவிடலாம் என்கிறான். எதிர்வீட்டு அம்மா ஆபரேஷன் செய்து இரண்டு வருடமாகியும் கால் மடங்கவில்லை என்று அழுகிறார். என் நாத்தனாரோ ஆறாம் மாதமே சுவாமிமலைப் படி ஏறிவிட்டாள். எதை நம்புவது? வலி எத்தனை நாள் இருக்கும்? மறுபடி தரையில் உட்கார முடியுமா? தங்க மூட்டு, ரோபோ என்றெல்லாம் விளம்பரம் வருகிறதே, அதெல்லாம் தேவையா?

பதில்: அம்மா, எதிர்வீட்டு அம்மா சொல்வதும் உண்மை, உங்கள் நாத்தனார் சொல்வதும் உண்மை. இரண்டு பேருக்கும் நடந்தது ஏறக்குறைய ஒரே ஆபரேஷனாகத்தான் இருக்கும். நான் கத்தி பிடிக்கிற டாக்டர் இல்லை. தையல் போட்டு முடித்த பிறகு அந்தக் காலை மடக்கவும் நீட்டவும் வைக்க வருகிற பிசியோதெரபிஸ்ட். அதனால் தியேட்டருக்குள் நடப்பதைவிட, அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக் கட்டிலில் நடக்கப்போவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். பலருக்கு முட்டி நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான விஷயம் இல்லை. எக்ஸ்ரே என்ன சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று எழுதவில்லை. கடைத்தெருவரை நிற்காமல் நடக்க முடிகிறதா? ராத்திரி வலி எழுப்பிவிடுகிறதா? கல்யாணம், காரியம் என்று யாராவது கூப்பிட்டால், அங்கே எத்தனை படி இருக்கும் என்ற யோசனைதான் முதலில் வருகிறதா? வலி மாத்திரை தினமும் போகிறதா? நாலாம் ஸ்டேஜ் எக்ஸ்ரேயோடு சமையல், கடை, கோயில் என்று எல்லாம் செய்துகொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அவசரமே கிடையாது. ஆனால் வலி உங்களை வீட்டுக்குள் முடக்கிவிட்டது, உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் செய்து பார்த்தும் பலனில்லை என்றால் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. சர்க்கரை உள்ளவர்கள் வருடக்கணக்காக வலி மாத்திரை விழுங்கினால் சிறுநீரகம்தான் அடிவாங்கும். இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். ஆபரேஷனுக்கு முன் கால் எவ்வளவு மடங்கி நீள்கிறதோ, பின்னாலும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் அமையும். முட்டி இறுகி, நீட்டவே முடியாமல் போகும்வரை காத்திருந்து வருகிறவர்களுக்குப் பாடு அதிகம்.

"மூட்டை மாற்றுவது" என்றதும் முட்டியையே வெட்டி எடுத்துவிட்டு இரும்பில் ஒன்றை மாட்டுவார்கள் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். நடப்பது பல்லுக்கு கேப் போடுவதைப் போன்றது. தொடை எலும்பின் அடிமுனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்துபோன பரப்பை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட்-குரோமியத்தில் ஓர் உறை, கீழே பெரும்பாலும் டைட்டானியத்தில் ஒரு தட்டு, நடுவில் உறுதியான பிளாஸ்டிக். பெரும்பாலும் எலும்புச் சிமெண்ட் வைத்து ஒட்டுவார்கள். இரு பக்கத்து ஜவ்வுகளும் உங்களுடையவைதான், தசையும் உங்களுடையதுதான். ஒரு காலுக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் செய்கிறார்கள். வளைந்த காலை அதே மேஜையில் நேராக்கிவிடுவதால் எழுந்து நின்றதும் கால் நேராகத் தெரியும். அதில் அழுதுவிடுகிறவர்களும் உண்டு.

விளம்பரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தங்க மூட்டில் தங்கம் கிடையாது. டைட்டானியம் அல்லது நியோபியம் நைட்ரைடு என்ற பூச்சு, பார்க்கப் பொன்னிறமாக இருக்கும், அவ்வளவுதான். உலோக ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதில் நியாயம் உண்டு. கவரிங் வளையல் போட்டால் தோல் தடித்து அரிக்கிறது என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு அது கூடுதல் வருடம் உழைக்கும் என்று காட்டும் நீண்டகால ஆதாரம் இல்லை. ரோபோ எலும்பைச் சீவும் கோணத்தைத் துல்லியமாக்குகிறது, உண்மைதான். ஆனால் பல வருடம் கழித்து வலியிலும் நடையிலும் பெரிய வித்தியாசம் தெரிகிறதா என்றால், இதுவரை தெளிவாகத் தெரியவில்லை. இந்த ஆபரேஷனையே அடிக்கடி செய்து கை பழகிய சர்ஜனாக இருந்தால், அவர் ரோபோ வைத்துச் செய்தாலும் வைக்காமல் செய்தாலும் நான் கவலைப்படமாட்டேன். சாதாரண கோபால்ட்-குரோமியம் மூட்டுதான் உலகம் முழுவதும் அதிக வருடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆஸ்திரேலிய, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்று ஆபரேஷன் பதிவேடுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று, முழு மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு 25 வருடம் கழித்தும் அதே மூட்டு இருக்கிறது என்று கணக்கிட்டது. உங்கள் வயதில் வைப்பது பெரும்பாலும் ஆயுசுக்கும் வரும்.

செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை வைத்தது. அப்போது கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோக மூட்டுக்கு 76,600 ரூபாய், வரி தனி. அதனால் "பேக்கேஜ்" என்று ஒரே தொகை சொன்னால், மூட்டுக்கு எவ்வளவு, எந்தக் கம்பெனி என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் ஒரு தடவை கேட்டுவிட்டு வருவதில் நஷ்டமில்லை.

இனி உங்கள் மகன் சொல்வது. இரண்டையும் ஒரே நாளில் செய்வது நம் ஊரில் சர்வசாதாரணம். ஒரே மயக்கம், ஒரே படுக்கை, செலவும் கொஞ்சம் குறையும், இரண்டு காலும் ஒன்றாக நேராகிவிடும். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை அதிகம். ரத்த இழப்பு அதிகம், ரத்தக்கட்டு அபாயமும் அதிகம். எக்கோ ஸ்கேனில் இதயம் நன்றாக இருந்து, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்து, சர்க்கரை கட்டுக்குள் இருந்து, மயக்க மருந்து டாக்டரும் சரி என்றால் செய்யலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர்தான், உங்கள் மகனின் லீவு அல்ல. பின்னால் காலைப் பழக்குகிறவன் என்ற முறையில் என் பக்கக் கருத்து: உங்களுக்கு இடது கால்தான் மோசம் என்பதால் முதலில் அதை மட்டும் செய்துகொள்ளுங்கள். ஒரு கால் செய்தவருக்கு எழவும் திரும்பவும் கழிப்பறை போகவும் மற்றொரு கால் ஊன்றுகோலாக இருக்கும். இரண்டும் செய்தவருக்கு முதல் வாரம் ஊன்ற நல்ல கால் என்று ஒன்று இல்லை. இடது கால் பலப்பட்டதும், வலது கால் இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லையென்றால் மூன்று மாதம் விட்டு அதையும் முடித்துவிடலாம்.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். ஆபரேஷன் நாளுக்கு லீவு போட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைவிட, டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் இரண்டு மூன்று வாரத்துக்கு அவர் வீட்டில் இருப்பதுதான் உங்களுக்கு வேண்டும். மருத்துவமனையில் நர்ஸ் இருப்பார். வீட்டில் ஐஸ் வைக்கவும், மாத்திரை நேரத்தைப் பார்க்கவும், "இன்னைக்கு வேண்டாம்ப்பா, ரொம்ப வலிக்குது" என்று நீங்கள் சொல்லும்போது கேட்காமல் பயிற்சி செய்யவைக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

தேதி குறிக்கும் முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைப் பாருங்கள். எச்பிஏ1சி என்று ரிப்போர்ட்டில் இருக்கும். 7.5, போனால் 8க்குள் வந்த பிறகுதான் பல சர்ஜன்கள் தொடுவார்கள். அதற்கு மேல் இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமித்தொற்று அபாயம் ஏறும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடிய தொற்றுதான் இந்த ஆபரேஷனில் எல்லோரும் பயப்படும் விஷயம். புது மூட்டில் கிருமி ஒட்டிக்கொண்டால் மறுபடி திறக்க வேண்டிவரும். அதனால் சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல், குதிகால் வெடிப்பு, நகச்சுற்று எதுவானாலும் முன்னாடியே சரிசெய்துவிடுங்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் முட்டியில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதை எப்போது நிறுத்துவது என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டையும் தயார்செய்ய வேண்டும். கும்பகோணத்துப் பழைய வீடுகளில் கொல்லைப்புறத்துக் கழிப்பறையும், வாசலில் ஏறி இறங்கும் உயரப் படிகளும் வழக்கம். உங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள், பக்கச் சுவரில் ஒரு கைப்பிடியும் வேண்டும். தாழ்வான சோபாவில் உட்காரவேண்டாம், கைவைத்த உயர நாற்காலி ஒன்று போதும். மிதியடி, சுருண்ட பாய், தரையில் ஓடும் ஒயர் எல்லாவற்றையும் வாக்கர் போகும் பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வலி எத்தனை நாள் என்றீர்கள். முதல் நாள் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவாக வலிக்காது. மரத்துப்போக வைத்த ஊசியின் வேலை அது. அன்று மாலையோ மறுநாளோ வாக்கர் பிடித்து நிற்கவைத்து நாலு எட்டு நடக்கவும் வைப்பார்கள். ஊசியின் பலன் தீர்ந்ததும் இரண்டாம், மூன்றாம் நாள்தான் வலி தெரியும். ஏதோ தவறாகிவிட்டது என்று பலர் பயந்துபோவது அப்போதுதான். மூன்று முதல் ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், இரண்டு வாரத்தில் தையலோ கிளிப்போ பிரிப்பார்கள். அந்த இரண்டு வாரம் கஷ்டமானதுதான், இனிப்பாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பகலைவிட ராத்திரிதான் சிரமம், தூக்கம் துண்டு துண்டாக வரும். ஆறாவது வாரத்தில் பெரும்பாலானவர்கள் கைத்தடிக்கு மாறியிருப்பார்கள், சிலர் அதையும் வைத்துவிட்டிருப்பார்கள். பழைய தேய்மான வலி போய்விட்டது, இப்போது இருப்பது புண் ஆறும் வலி என்ற வித்தியாசம் அதற்குள் உங்களுக்கே புரிந்துவிடும். வீக்கம் முழுவதும் வற்ற ஆறு மாதம், "இது என் கால்" என்று மறந்து நடக்க ஒரு வருடம்கூட ஆகலாம்.

இனி, ஒவ்வொரு வீட்டிலும் நான் சண்டை போடும் விஷயத்துக்கு வருகிறேன். தலையணை. ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போனால், பாசமுள்ள யாராவது ஒருவர் முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருப்பார். நோயாளிக்கும் அது சுகமாக இருக்கும். முட்டி லேசாக மடங்கியிருக்கும்போது உள்ளே நீர் தங்க இடம் அதிகம், அழுத்தம் குறைகிறது, அதனால் சுகம். ஆனால் ராத்திரி முழுக்க அப்படியே இருந்தால் முட்டியின் பின்பக்கம் அந்த அளவிலேயே இறுகிவிடும். பத்து டிகிரி நீள முடியாமல் போனாலே நடையில் நொண்டல் தெரியும், தொடைத்தசைக்கு ஓய்வே கிடைக்காமல் சீக்கிரம் களைத்துவிடும். தலையணையை வைத்தே ஆகவேண்டும் என்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும். அல்லது ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலின் கீழ் வைத்து, முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து விநாடி பிடியுங்கள். இந்த ஒரு பயிற்சியை இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம். ஆபரேஷனுக்கு முன்பே தொடைத்தசை பலமாக இருந்தால் எழுந்து நடப்பது சுலபமாகும்.

எல்லோரும் மடக்குவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் முதலில் நீட்டச் சொல்வேன், பிறகுதான் மடக்குவது. இரண்டு வாரத்தில் 90 டிகிரி, அதாவது நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் முட்டிக்கு நேர்கீழே தரையில் பதியும் அளவு. ஆறாவது வாரத்தில் 110ஐ ஒட்டி வந்தால் நல்லது. மாடிப்படிக்கு 90 பக்கம் போதும், நாற்காலியிலிருந்து எழ 100க்குச் சற்று மேல் வேண்டும். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் பயிற்சி, முடித்ததும் துணி சுற்றிய ஐஸ் பை. ஒரே தடவையாக ஒரு மணி நேரம் வதைப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நாலைந்து தடவை செய்வது மேல். எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் கேட்பார்கள். சாப்பிடலாம், ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டையோ பருப்போ மீனோ உங்கள் வழக்கப்படி.

எதிர்வீட்டு அம்மாவுக்கு என்ன ஆனது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. முதல் ஆறு வாரம் பயிற்சி விட்டுப்போயிருக்கலாம், முன்னமே இறுகிய முட்டியாக இருந்திருக்கலாம். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் உள்ளே தழும்பு அதிகமாக வளரும் உடம்புகளும் உண்டு. அவர் சோம்பேறித்தனம் பண்ணினார் என்று ஊர் பேசுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்திருந்தால் மயக்கம் கொடுத்து மடக்கிவிட்டிருக்கலாம், இப்போது அது பலிக்காது. மூட்டு அமைந்த விதத்திலோ மெல்லிய கிருமித்தொற்றிலோ கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, அவரைச் சர்ஜனிடம் மறுபடி போகச் சொல்லுங்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்றுதான் சொல்கிறார்கள். மருத்துவமனை விளம்பரங்களில் அவர்களைப் பார்க்க முடியாது.

தரையில் உட்காருவது பற்றி: சம்மணம் போடவும் குந்தவும் 130 டிகிரிக்கு மேல் மடங்கவேண்டும். சிலருக்கு மடங்கும். மடங்கினாலும் தினமும் வேண்டாம், நடுவில் இருக்கும் பிளாஸ்டிக்கின் மேல் அந்தக் கோணத்தில் பாரம் அதிகம். பூஜைக்கு நாற்காலி, சாப்பாட்டுக்கு மேஜை என்று இப்போதே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கோயிலில் விழுந்து கும்பிடுவதையும் விட்டுவிட்டு நின்று கும்பிட்டால் போதும். மண்டியிட்டால் மூட்டு உடைந்துவிடாது, தழும்பில் உறுத்தும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் செய்துகொண்டவர்கள்தான் பின்னால் "ஏமாந்துட்டேன்" என்கிறார்கள். நாத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள், சுவாமிமலையின் 60 படி ஏறியவர் அங்கே தரையில் உட்கார்ந்திருக்கமாட்டார்.

சில விஷயங்கள் பயமுறுத்தும், ஆனால் ஆபத்தில்லை. தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் மரத்திருக்கும், தோலுக்குப் போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால். நடக்கும்போது உள்ளே "டக் டக்" என்று சத்தம் வரலாம். முட்டி சில மாதம் கதகதப்பாக இருக்கும். தொடையிலும் கெண்டைக்காலிலும் ரத்தம் கன்றி நீலம் பாரித்து, தானே மறையும். ஏர்போர்ட்டில் கருவி கத்தும், டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு நகல் பையில் இருக்கட்டும்.

இவற்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள்: காய்ச்சலும் குளிரும், புண்ணில் சீழோ நிற்காத கசிவோ, நாளுக்கு நாள் கூடும் சிவப்பு, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவது, கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். மற்றவற்றுக்கு ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்கு போன் செய்யலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போதே அந்த நம்பரை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.